கதவுக்கு வெளியிலிருந்து பதில் சொன்ன புஷ்பமக்கா

பூசை இல்லாத நேரத்தில் கோயில் மணி அடித்தால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எல்லாம் கடற்கரைத் தெருப் பிள்ளைகள். அன்றைக்கும் அப்படித்தான். நான் நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மணி ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து அடித்தது. யாருக்கென்று கேட்டுவர ஆயாவை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், தையல் புஷ்பமக்கா போயிட்டாவ."

முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கண்ணும் முகமும் மஞ்சள் பூத்து, குரல் அடங்கிக் கிடந்தார். அந்த நிலையிலும் என் ரவிக்கைக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எவளா தைச்சா இதை? கை ஏறிக்கிட்டு நிக்கி. நான் எந்திரிச்சு வாரேன், பிரிச்சுத் தைச்சுத் தாரேன்" என்றார். அவ்வளவு தெம்பாகப் பேசியவர் போய்விடுவார் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினேன்.

துக்க வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. அக்காவின் அண்ணன் சவரிமுத்து அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். "என்னத்தச் சொல்ல? மகளை நடிக்கப் படிக்க அனுப்பினா. அந்தக் கவலைதான் அவளைத் தின்னுட்டு." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள், தலையாட்டினார்கள். உள்ளே அக்காவின் தலைமாட்டில் அண்ணாச்சியின் மனைவி அந்தோணியம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் தலையாட்டவில்லை. எனக்குப் பதில் கொடுக்க வாய் துறுதுறுத்தது. அக்காவின் மகள் ஜெசிந்தா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். புஷ்பமக்காவைக் கொண்டுபோனது காமாலை. முற்றவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், கல்லீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். மகள் நடிப்புப் படித்ததால் எந்தத் தாய்க்கும் கல்லீரல் கெட்டதாக வைத்தியத்தில் இல்லை. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அஞ்சலிக்கு ஒரு பக்கம் தருவதாகச் சொன்னார். எனக்கு ஒரு பக்கம் போதாது என்று சொல்லிவிட்டேன். அக்காவை அறிந்தவர்களுக்கு எழுதுகிறேன். அறிந்திருந்தும் அன்றைக்குத் தலையாட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அக்காவின் முழுப்பெயர் மரியபுஷ்பம். கணவர் சரக்குத் தோணியில் தண்டல். தோணியை ஓட்டுகிறவர் என்பதால் வருடத்தில் பாதி நாள் கொழும்பிலோ மாலத்தீவிலோ காற்றுக்குக் காத்துக் கிடப்பார். அவர் இல்லாத நாளில் வீட்டை நடத்தியது அடுப்படியை ஒட்டிப் போட்டிருந்த தையல் மெஷின். என் வீட்டுக்காரருக்குக் கருப்பட்டி மண்டி. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், ரவிக்கைக்கு அளவு கொடுக்கத்தான் அக்கா வீட்டுக்கு முதலில் போனேன். கூனிக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. கூலி எவ்வளவு என்று கேட்டேன். "கூலியைப் பொறவு பேசுவோம், மொதல்ல நேரா நில்லு. கூனி நிக்கிறவளுக்குத் தைச்சா கூன்தான் அழகாத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து சிநேகம்.

தவக்காலம் வந்தால் அக்கா வீட்டுக்குள் கால்வைக்க இடமிருக்காது. பெரிய வெள்ளியை ஒட்டிக் கடற்கரையில் நடக்கும், இயேசு சிலுவையில் பட்ட பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்துக்குப் படைவீரன் அங்கி, பிலாத்து ராசா அங்கி, சம்மனசு என்கிற தேவதூதருக்கு இறக்கை எல்லாம் அங்கேதான் உருவாகும். அந்த நாடகத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிலுவையடியில் மரியாள் புலம்பும் கட்டம் வரும். மரியாள் ஓர் அடி புலம்பிவிட்டு நிறுத்துவாள். மணலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும், "சொல்லும் தாயே, கேட்டிருக்கோம்" என்று பதில் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அடுத்த அடி. பதில் கொடுக்காமல் ஒரு தாயை அழவிடுவது எங்கள் கடற்கரையில் பாவம். எனக்கு அந்தச் சாமி இல்லை. ஆனாலும் வருடந்தோறும் மணலில் உட்கார்ந்து நானும் பதில் சொல்லியிருக்கிறேன்.

மரியாள் வேடத்தைக் காலங்காலமாக ஆண்தான் கட்டுவான். ஒரு வருடம் அந்த வேடக்காரர் போன தோணி காற்று விழுந்து வழியில் நின்றுவிட்டது. நாடகக் கமிட்டிக்குத் தலைவர் சவரிமுத்து அண்ணாச்சி. உப்பு வியாபாரம், ஊரில் நல்ல சொல்வாக்கு. புலம்பல் கட்டத்தை அந்த வருடம் விட்டுவிடலாம் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். அங்கிகளைக் கொடுக்க வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

"தாய் இல்லாமயா மகனைச் சிலுவையில ஏத்தப் போறீய?"

"ஆள் இல்லையே, புஷ்பம்."

"எம் மவ இருக்கா. தொட்டில்லருந்து இந்தப் பாட்டைக் கேட்டு வளந்தவ. அவ கட்டுவா."

முணுமுணுத்தார்கள், பங்குச் சாமியாரிடம் போனார்கள், வந்தார்கள். கடைசியில் ஜெசிந்தா கட்டினாள். அவளுக்கு முகத்தில் பவுடர் பூசும்போது கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றவர் யார் தெரியுமா? தாய்மாமன் சவரிமுத்து அண்ணாச்சியேதான். அன்று ஜெசிந்தா புலம்பியபோது நாங்கள் கொடுத்த பதிலில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் சைகையில் பாடம் நடத்தினேன்.

புதுத் துறைமுகம் வந்த புதிதில்தான் அந்த விளம்பரம் பத்திரிகையில் வந்தது. சென்னையில் ஒரு கல்லூரியில் நடிப்பைப் பாடமாக வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பட்டம் முடிக்கப்போகிறவர்கள் மனுப்போடலாம், நேரில் நடித்துக் காட்டித் தேர்வாக வேண்டும் என்று இருந்தது. நடிப்புக்குக் கல்லூரி உண்டு என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. என் மகன் சங்கரன் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டான். அவனுக்குக் கதாநாயகன் ஆக வேண்டும், அதற்கான முடியை ஏற்கெனவே வளர்த்திருந்தான். ஜெசிந்தாவோ என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க அம்மாகிட்ட சொல்லுங்களேன்" என்று நகத்தைக் கடித்தாள்.

சொன்னேன். அக்கா மெஷின் மிதிப்பதை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று பார்த்தேன்.

"அதுல என்ன சோதனை வைப்பாவ?"

"நடிக்கச் சொல்லுவாங்களாம் அக்கா."

"சரி. அவளுக்கு ஆசை இருக்கு, அது எனக்குத் தெரியுது. தெறமை இருக்கான்னு நான் எப்படிச் சொல்ல? பெத்தவளுக்கு எல்லாம் அழகாத்தான் தெரியும். தெரிஞ்சவன் பாத்துச் சொல்லட்டும். போவோம்."

இதுதான் அக்கா. என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கருப்பட்டிச் சிப்பத்தைக் கட்டிக்கொண்டே, "போயிட்டு வரட்டும். தோத்தா கடைக்கு வருவான்" என்றார். ஜெயித்தால் என்று கேட்டேன். "அவன் எங்க செயிக்க?" என்று சிரித்தார். ஊரில் பெற்றவர்கள் இப்படி இரண்டு விதம்.

அண்ணாச்சிக்குச் செய்தி போய் மறுநாளே வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"என்ன புஷ்பம், நம்ம வீட்டுப் பொட்டப்பிள்ளை மூஞ்சில சாயம் பூசிக்கிட்டு ஆடப் போறாளாமே?"

"போன வருசம் பூசுதப்ப நீங்கதானண்ணே கண்ணாடி புடிச்சிய?"

"அது சாமி காரியம்."

"இது படிப்புக் காரியம்."

அண்ணாச்சி குரலை இறக்கினார். அவருடைய மூத்த மகனுக்கு ஜெசிந்தா முறைப்பெண். "அவ என் வீட்டுக்கு வரவேண்டியவ. நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவான்?" என்றார். அக்கா ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அவ எங்க போகணும்னு அவகிட்ட நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. படிச்சு முடிச்சு வரட்டும், அப்பக் கேப்போம்." அண்ணாச்சி காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அந்தக் காப்பியை நான் குடித்தேன்.

அக்கா, ஜெசிந்தா, சங்கரன், நான் என்று நாலு பேரும் சென்னை ரயிலில் போனோம். கல்லூரி நடைகூடத்தில் பெற்றவர்கள் கூட்டம். கையில் பிளாஸ்க், மடியில் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ ஆல்பம், சட்டைப் பையில் யாரோ பெரிய மனிதர் கொடுத்த சிபாரிசுக் கடிதம். ஒரு தாய் மகளின் நெற்றிப் பொட்டை அழித்து அழித்து வேறு அளவில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தகப்பனார் மகனைச் சுவரோரம் நிறுத்தி, "அழு, இப்போ சிரி" என்று பழக்கிக்கொண்டிருந்தார். பட்டுச்சேலைக்காரம்மா ஒருவர் அக்காவிடம் கேட்டார்:

"உங்க பொண்ணு யார்கிட்ட டிரெயினிங்?"

"கடற்கரையில."

"அங்க எந்த மாஸ்டர்?"

"பெரிய வெள்ளிக்கு வாங்க, காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா தூத்துக்குடி மக்ரூன் டப்பாவைத் திறந்து அந்தம்மாவுக்கு ஒன்று கொடுத்தார். பிறகு வரிசையில் காத்திருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். "போட்டிக்கு வந்த பிள்ளைகளுக்கா கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன். "வெறும் வயித்துல அழுதா மயக்கம் வரும்ளா. தோக்குறதுன்னாலும் தெம்பாத் தோக்கட்டும்" என்றார்.

சங்கரன் முதலில் போனான், சீக்கிரமே திரும்பினான். "வசனம் மறந்துபோச்சும்மா" என்றான். எனக்கு வருத்தம்தான். பெற்ற மனது என்ன செய்யும்? அக்கா அவன் கையில் இரண்டு மக்ரூனை வைத்தார்.

அடுத்து ஜெசிந்தா போனாள். கதவு ஒருக்களித்திருந்தது, திரை மட்டும் தொங்கியது. உள்ளே தேர்வாளர்கள் மூன்று பேர். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டது காதில் விழுந்தது. அவள் மரியாள் புலம்பலை எடுத்தாள். "ஆணியடிச்ச கையை நான் தொட்டுப்பார்க்க எட்டலையே, மகனே!" நடைகூடத்தில் பேச்சு நின்றது. போட்டோ ஆல்பங்கள் மூடின. ஓர் அடி முடிந்தது. அவள் நிறுத்தினாள்.

உள்ளே சத்தமில்லை. தேர்வாளர்கள் அவள் தொடர்வாள் என்று காத்திருந்தார்கள். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். எங்கள் கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் தொடரத் தெரியாது, தொடர்ந்து பழக்கமில்லை. இந்தத் தவறைச் செய்ய நம் ஊர்க்காரியால்தான் முடியும். நான் அக்காவின் கையைப் பிடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"சொல்லும் தாயே, கேட்டிருக்கோம்!"

நடைகூடம் அதிர்ந்தது. உள்ளே அடுத்த அடி பிறந்தது. அது முடிந்ததும் அக்கா மறுபடி கொடுத்தார். இந்த முறை என் வாயும் சும்மா இருக்கவில்லை. பட்டுச்சேலைக்காரம்மா எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். திரையை விலக்கிக்கொண்டு தேர்வாளர்களில் பெரியவர் வெளியே வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. அந்தக் கல்லூரிக்கே முதல்வர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"யாரம்மா அது?"

"நான்தான் சார். பிள்ளை கேட்டா, பதில் சொன்னேன்."

"இது தேர்வு. வெளியில் இருந்து உதவி செய்தால் அவருடைய மனுவையே தள்ளிவிடுவோம். நீங்கள் இல்லாமல் உங்கள் மகளால் நடிக்க முடியாதா?"

"என்னைய எதுக்கு சார் கேக்கிய? நீங்க மூணு பேரு உள்ள இருக்கியள்ல, நீங்க பதில் சொல்லியிருக்கலாம்லா? ஒருத்தி அழுதுக்கிட்டு நிக்கா. கேட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா அது நாடகமா சார்? விசாரணைலா!"

அவர் முகம் சிவந்தது. பியூனைக் கூப்பிட்டு இந்த அம்மாளை வெளிவாசலுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். அக்கா மக்ரூன் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். போகும்போது, "பிள்ளையைத் தண்டிச்சுராதீங்க, வாய் என்னோடது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை தூரம் வந்து, அண்ணனைப் பகைத்து, எல்லாம் பாழாய்ப் போயிற்றே என்று இருந்தது.

உள்ளே அந்தப் பெரியவர் சொன்னார். "பாட்டு போதும். நீங்கள் தினமும் பார்க்கிற ஒருவரை இப்போது இங்கே கொண்டுவந்து காட்டுங்கள்."

பிறகு உள்ளிருந்து புஷ்பமக்காவின் குரல் வந்தது. "என்னைய எதுக்கு சார் கேக்கிய? நீங்க மூணு பேரு உள்ள இருக்கியள்ல..." ஜன்னல் வழியாக வெளிவாசலைப் பார்த்தேன். அக்கா வெயிலில் நின்று காவல்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். உள்ளே அதே அக்கா, அதே இழுப்பு, அதே எகத்தாளம். தாயை வெளியே தள்ளிய மூன்று பேர் முன்னால் மகள் அந்தத் தாயையே திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். யாரோ ஒருவர் சிரித்தார், அப்புறம் மூன்று பேரும் சிரித்தார்கள்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"என்னையவா நடிச்சா?"

"அச்சு அசல் நீங்கதான் அக்கா."

"அப்போ கெடைச்சுரும். என்னைய நடிக்கிறது லேசு இல்லளா."

கிடைத்தது. தபால் வந்த அன்று அக்கா தெருவுக்கே பாயசம் கொடுத்தார். சந்தோஷம் இரண்டு நாள்தான் நின்றது. படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு போக நடனத்துக்கு ஓர் உடை, சண்டைப் பயிற்சிக்கு ஓர் உடை, வேடத்துக்குப் பல உடை என்று எழுதியிருந்தார்கள். "துணிதான் வாங்கணும், தையக்கூலி மிச்சம்" என்று அக்கா சிரித்தார். மற்றதற்கு என்ன செய்வது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி தானாகவே வந்தார். எல்லாச் செலவும் தன்னுடையது என்றார். படித்து முடித்ததும் தன் மகனைக் கட்டுவாள், கட்டியபின் மேடை ஏறமாட்டாள் என்று கோயிலில் வைத்து வார்த்தை தர வேண்டும், அவ்வளவுதான். தண்டல் கடலில் இருப்பதால் காப்பாளர் கையெழுத்தையும் தானே போடுவதாகச் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் அழுதுகொண்டே சம்மதித்திருப்பார்கள். அக்கா, "நடிக்காம இருக்கிறதுக்கு எதுக்குண்ணே காசு கட்டி நடிக்கப் படிக்கணும்?" என்று கேட்டார். அடுத்த வாரமே அக்கா துறைமுகக் கான்டிராக்டர் ஒருவரிடம் போய், தொழிலாளர்களுக்கான காக்கிச் சீருடை தைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிவந்தார். ரவிக்கையும் பாவாடையும் தைத்த மெஷினில் காக்கி ஓடத் தொடங்கியது. முரட்டுத் துணி, விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும். அந்தப் படிப்பு முடியும்வரை அக்கா காக்கியைத்தான் மிதித்தார்.

சேர்க்கைக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த எழுத்தர் மரியாதையான மனிதர், ஆனால் கல்.

"தகப்பனார் கையெழுத்து வேண்டுமே அம்மா."

"அவுக கடல்ல இருக்காவ."

"எப்போது வருவார்?"

"அதைக் காத்துகிட்டதான் கேக்கணும்."

"அண்ணன், தம்பி யாராவது?"

"அண்ணன் இருக்காரு. கையெழுத்துக்கு வெலை கேக்காரு."

"சரி, சென்னையில் உங்களுக்குத் தெரிந்த ஆண்கள் யாராவது போட்டால்கூடப் போதும்."

அங்கேதான் அக்காவுக்குக் கோபம் வந்தது. "வழியில போறவன் போட்டாச் செல்லும், பெத்து வளத்தவ போட்டாச் செல்லாதா? அந்தக் காக்கிச் சட்டைய எவன் தைக்கான்னு நெனச்சிய?" என்று கேட்டுவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எழுத்தருக்குக் காக்கிச் சட்டை எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை, பாவம். சாப்பாட்டு வேளை முடிந்து முதல்வர் வந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்களா?"

"நான்தான் சார். இன்னைக்கும் என்னைய வெளியதான் உக்கார வெச்சிருக்காவ."

அவர் விவரம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள், நான் பொறுப்பு" என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்கா கையெழுத்துப் போட்டார். நிதானமாக, முழுப்பெயரும் போட்டார்.

அடுத்த தவக்காலத்தில் அண்ணாச்சி தன் கோபத்தைக் காட்டினார். மரியாள் வேடத்தை இனி ஆண்தான் கட்டவேண்டும் என்று கமிட்டியில் உறுதியாக்கிவிட்டார். ஜெசிந்தா விடுமுறைக்கு வந்திருந்தும் அவளைக் கூப்பிடவில்லை. அக்கா நாடகத்துக்கு வரமாட்டார், அங்கிகளையும் தரமாட்டார் என்று ஊரே எதிர்பார்த்தது. அக்கா மரியாளின் அங்கியைப் புதிதாகத் தைத்தே கொடுத்தார். மணலில் முதல் வரிசையில் மகளோடு உட்கார்ந்து, எல்லோரையும்விட உரக்கப் பதில் கொடுத்தார். எனக்குத்தான் ஆறவில்லை. "அவங்களுக்குப் போய் ஏன் அக்கா?" என்று கேட்டேன். "அழுதது மரியாள்ளா. எவன் வேசம் கட்டுனா எனக்கென்ன? ஆம்பளை அழுதாலும் தனியா விடப்படாது" என்றார்.

ஜெசிந்தா படிப்பை முடித்தாள். இன்று ஒரு நாடகக் குழுவில் ஊர் ஊராகப் போய் நடிக்கிறாள், சம்பளம் வாங்குகிறாள், பாதியை வீட்டுக்கு அனுப்புகிறாள். அவள் நட்சத்திரம் ஆகவில்லை என்பதில் நம் ஊரில் சிலருக்கு எவ்வளவு சந்தோஷம்! ஒரு படத்தில் கதாநாயகிக்குப் பின்னால் குடம் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்து, "இதுக்காக்கா இம்புட்டுக் காக்கி தைச்சிய?" என்று ஒருத்தி அக்காவிடம் நேரிலேயே கேட்டாள். அக்கா அந்தப் படத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது சொன்னார். "எம் மவ கொடத்தைப் புடிச்சதைப் பாத்தியா? தண்ணி நெறைஞ்ச கொடத்தைப் புடிக்கிற மாதிரிப் புடிச்சா. இடுப்பு ஒரு பக்கமாச் சாஞ்சு நடந்தா. கதாநாயகி கையில வெறுங்கொடம்." பிறகு வெகுநேரம் நடந்துவிட்டு, "அவ பெரிய ஆளா ஆகணும்னு நான் அனுப்பல. படிக்கணும்னு கேட்டா, அனுப்பினேன்" என்றார்.

கவலைப்பட்டுச் செத்தார் என்கிறவர்களே, கேளுங்கள். ஆஸ்பத்திரியில் அக்கா படுத்த நாள் முதல் ஜெசிந்தா பக்கத்திலேயே இருந்தாள். தாய்க்குத் தூக்கம் வராத மத்தியானங்களில் அவள் அந்த வார்டையே நடித்துக் காட்டினாள். டாக்டர் வருவதை, நர்ஸ் திட்டுவதை, பக்கத்துக் கட்டில் ஆச்சி கஞ்சி வேண்டாம் என்பதை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். திட்டுகிற நர்ஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு போனவரைக் கவலையால் போனவராக்க யாருக்கும் உரிமை இல்லை, கூடப்பிறந்தவருக்கும் இல்லை.

இப்படிப்பட்ட கட்டுரையை முடிக்கும்போது போனவரிடமிருந்து நாம் எதை வைத்துக்கொண்டோம் என்று சொல்வது வழக்கம். நான் வைத்துக்கொண்டது அக்காவின் வாயை. வெளியே நில் என்றால் வெளியே நின்றபடியே பேசுகிற வாய் அது. எனக்கு அது பிறவியில் இல்லை, அக்கா கொடுத்தது. அதைத் துக்க வீட்டில் பூட்டி வைத்தேனே தவிர, தொலைக்கவில்லை.

போன வாரம் அதற்கு வேலையும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தோணியம்மாள் வந்தார். சவரிமுத்து அண்ணாச்சியின் மனைவி. கூடவே கடைக்குட்டி மகள், பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறவள். அந்தப் பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தோணியம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"டீச்சர், இவளுக்கும் அந்தக் காலேசுக்கு எழுதணுமாம். தகப்பன் சம்மதிக்க மாட்டாரு. தாய் கையெழுத்துப் போட்டாப் போதும்லா?"

"போதும்" என்றேன்.

"புஷ்பத்தைப் பத்தி எழுதுதியளாமே? இதையும் போட்டு எழுதுங்க. எம் பேரையும் போடுங்க."

"அண்ணாச்சி படிச்சா வீட்டுல சண்டை வராதா?"

"அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது டீச்சர். பத்திரிகையை எப்பவும் நான்தான் வாசிச்சுக் காட்டுவேன்."

எழுதிவிட்டேன், அந்தோணியம்மாள். ஒரு வரி விடாமல், மரியாள் மாதிரி அடிக்கு அடி நிறுத்தி, அவருக்கு உரக்க வாசியுங்கள்.